தூக்குச் சட்டிக்குள் ஓர் அடுக்களை

அரை லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உஷ்ணத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு உஷ்ணம் செலவாகும் என்ற கேள்விக்கு விடை காணப் பள்ளிக்கூடத்துப் பௌதிகமே போதும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி வேண்டும்; ஆகவே 500 கிராம் தண்ணீரை 75 டிகிரி உயர்த்த 37,500 கலோரி, அதாவது முப்பத்தேழரை கிலோகலோரி வேண்டும். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கைக் கரைப்பதற்கும், நம் வீடுகளில் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைக்குமுன் சூடேற்றுவதற்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த மெதிலேட்டட் ஸ்பிரிட், ஒரு மில்லி எரிந்தால் ஏறத்தாழ 5 கிலோகலோரி உஷ்ணத்தைத் தருகிறது. கணக்குப்படி ஏழரை மில்லி, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி ஸ்பிரிட்டில் அந்தத் தண்ணீர் கொதித்துவிட வேண்டும். ஆனால் மலைச்சரிவில், மாலைக் காற்று வீசும் நேரத்தில், திறந்த கிண்ணமொன்றில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி, அதன்மேல் மூடியில்லாத பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், 40 மில்லி எரிந்த பின்னும் தண்ணீர் கையால் தொடக்கூடிய சூட்டிலேயே நின்றுவிடுவதுண்டு. ஏழரைக்கும் நாற்பதுக்கும் இடையே காணாமற்போன அந்த உஷ்ணம் எங்கே சென்றது என்று தேடுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. அது சென்ற வழியை ஒருவர் அறிந்துகொண்டால், யாத்திரைக்கு வேண்டிய சமையல் சாதனங்களைத் தம் கையாலேயே, வீட்டில் கழித்துப்போடும் டப்பாக்களையும் தகடுகளையும் கொண்டே செய்துகொள்ளலாம்.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டிகளாக வாய்த்தவர்கள் வடதுருவத்தை அடுத்த நாடுகளின் பிரயாணிகளே. குளிர் மிகுந்த அந்தப் பிரதேசங்களில் எரிபொருளை வீணாக்குவது பிராணனையே வீணாக்குவதாகும். நார்வே நாட்டு விஞ்ஞானியான ஃப்ரிட்யோஃப் நான்சென் 1888-ஆம் ஆண்டில், தம்மோடு ஐவரை அழைத்துக்கொண்டு, கிரீன்லாந்தின் பனிப்பீடத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். அவர் எடுத்துச் சென்றது ஸ்பிரிட் அடுப்பு. சுற்றிலும் உலகத்தின் மாபெரும் நன்னீர்க் களஞ்சியங்களுள் ஒன்று பனியாக உறைந்து கிடக்க, அந்த அறுவரும் தாகத்தால் வருந்தினார்கள் என்பது நம் ஊரில் இருப்பவர்களுக்கு வியப்பாகத் தோன்றும். பூஜ்ய டிகிரியிலுள்ள ஒரு கிலோ பனியை அதே பூஜ்ய டிகிரியிலுள்ள தண்ணீராக மாற்றுவதற்கு மட்டும் 80 கிலோகலோரி வேண்டும். அந்தத் தண்ணீரைப் பிறகு கொதிக்க வைக்க வேண்டியதோ 100 கிலோகலோரிதான். உருகுவதற்கே இத்தனை உஷ்ணம் போய்விடுமாதலால், எரிபொருளைச் சேமிக்க அவர்கள் பனியைக் குடுவைகளில் அடைத்து மார்போடு அணைத்து, உடம்பின் சூட்டினாலேயே உருக்கிக் குடித்தார்கள்.

பிற்பாடு 1895-ல், ஃப்ராம் என்ற கப்பலை விட்டிறங்கி, யோஹான்சென் என்ற ஒரே துணைவருடன் வடதுருவத்தை நோக்கி நடந்தபோது, நான்சென் எடுத்துச் சென்ற அடுப்பு வேறு. சுவீடன் தேசத்தில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892-ல் வகுத்த ப்ரைமஸ் என்னும் மண்ணெண்ணெய் அடுப்பு அது; நாம் பம்ப் ஸ்டவ் என்று அறிந்த அடுப்புகளுக்கெல்லாம் மூதாதை. ஒரு கிராம் மண்ணெண்ணெய் ஏறத்தாழ 10 கிலோகலோரி தருகையில் ஒரு கிராம் ஸ்பிரிட் ஆறரைக்கும் சற்றுக் குறைவாகவே தருகிறது. மாதக்கணக்கான பிரயாணத்தில் இந்த வித்தியாசம் சறுக்குவண்டியின் பாரத்தையே மாற்றிவிடும். ஆயினும், என் மனத்தைக் கவர்ந்தது அந்த அடுப்பைக் காட்டிலும் அதைச் சூழ்ந்து நான்சென் அமைத்த பாத்திரங்களின் அமைப்புத்தான். நடுவில் உயரமான ஒரு சட்டி; அதைச் சுற்றி, இடையில் சிறிது வெளி விட்டு, வளையவடிவமான வேறொரு பாத்திரம்; மேலே தட்டையான ஒன்று; எல்லாவற்றையும் கவிந்து மூடும் ஓர் உறை. அடுப்பிலிருந்து எழும் அனல்வாயு நடுச்சட்டியின் அடியைத் தாக்கி, இரண்டு பாத்திரங்களுக்கும் இடையிலுள்ள சந்தின் வழியாக மேலேறி, மேற்பாத்திரத்தின் அடியைத் தடவி, அங்கே வழியில்லாமல் திரும்பி, வளையப் பாத்திரத்தின் வெளிப்புறமாகக் கீழே இறங்கித்தான் வெளியேற முடியும். நடுச்சட்டியில் உணவு வேகும். வளையத்திலும் மேலேயும் பனி உருகும். உஷ்ணம் போகிற வழியெல்லாம் ஏதேனும் ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகும்படி அவர் செய்துவிட்டார்.

அந்த அமைப்பில் விசேஷமானவை இடைவெளிகளே. அடுப்பு, சட்டி, காற்றுத் தடுப்பு என்று மூன்று சாமான்களைத் தனித்தனியே தேடித் திரட்டுகிறவர், ஒவ்வொன்றும் எத்தனை சிறந்ததாக இருந்தாலும், பாதி உஷ்ணத்துக்கு மேல் ஆகாயத்துக்கே தானம் செய்துவிடுவார். மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அளந்து அமைப்பவருக்கோ, கழிவுத் தகடுகளே போதும். இடைவெளிக்கு எடையில்லை, விலையுமில்லை; அது ஒன்றே இக்கருவியின் உயிர்.

சுவீடனில் 1925-ல் தோன்றிய ட்ராங்கியா என்ற நிறுவனம் 1951-ல் வெளியிட்ட புயல் அடுப்பில் இதே தத்துவத்தை எளிமைப்படுத்தப்பட்ட வடிவில் காணலாம். பித்தளையாலான சிறு ஸ்பிரிட் கிண்ணம் ஒன்றைத் துளைகளுள்ள அலுமினியக் கூண்டின் அடியில் பொருத்தி, அதற்குமேல் அமையும் இன்னொரு கூண்டுக்குள் சட்டி ஆழ அமர்ந்திருக்கும்படி செய்திருக்கிறார்கள். கீழ்க்கூண்டின் துளைகளைக் காற்று வரும் திசையை நோக்கித் திருப்பிவிட்டால், பிற அடுப்புகளை அணைக்கிற காற்றே இதற்கு ஊதுகுழலாகிவிடுகிறது. பம்ப் இல்லை, அடைத்துக்கொள்ளும் நுண்துளைக் குழாய் இல்லை, தேயும் பாகம் ஒன்றுமில்லை. ஜெர்மனியில் 1936-ல் வந்த எஸ்பிட் என்னும் எரிவில்லைகளும் எளிமையில் இதற்கு இளைத்தவையல்ல. ஆனால் அவற்றின் நாற்றமும், சட்டியின் அடியில் அவை படியவிடும் பிசுக்கும் சமையலுக்கு உகந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். ஓரிரண்டு நாள் பிரயாணத்துக்கு ஸ்பிரிட்டே சிறந்தது என்பது என் முடிபு. எடைக்கு எடை அது தரும் உஷ்ணம் குறைவுதான். எனினும் அதற்கான அடுப்பு கனமற்றதாகையால், எரிபொருளில் கூடும் பாரத்தை அடுப்பில் குறையும் பாரம் ஈடு செய்துவிடுகிறது. ட்ராங்கியாவின் பித்தளைக் கிண்ணம் ஏறத்தாழ 110 கிராம். குளிர்பானம் அடைத்துவரும் காலி அலுமினிய டப்பாவோ 15 கிராமுக்கு மேற்போகாது.

இத்தகைய காலி டப்பாக்களைக் கொண்டு அடுப்புச் செய்யும் முறைகள் பல உண்டு. அவற்றுள் மிக எளியதைச் சொல்கிறேன். வாய் அகன்று, உயரம் நாலைந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு தகர அல்லது அலுமினிய டப்பா ஒன்றை எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் பண்டத்தின் வாசனை போகக் கழுவி, விளிம்பை உட்புறமாகத் தட்டிக் கூர்மை போக்கிக்கொள்ள வேண்டும். பிறகு, ஆபீசுகளில் காகிதத்தைத் துளையிடும் பஞ்சிங் மெஷினைக் கொண்டு, விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் ஒரு வரிசை துளைகள். அதற்குக் கீழே, மேல்வரிசைத் துளைகளுக்கு இடைப்பட்ட இடங்களில் இன்னொரு வரிசை. இவ்வளவுதான் அடுப்பு. துளைகளுக்கு எட்டாத மட்டத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தினால், முதலில் சோம்பலான ஒரு நீலச்சுடர் மேலாகத் தவழும். அரை நிமிஷம் பொறுத்தால் டப்பாவும் திரவமும் சூடேறிச் சுடர் எழும். அப்போது சட்டியை அதன் வாய்மேல் நேராக வைத்துவிட வேண்டும். வாய் அடைபட்டதும், ஸ்பிரிட்டின் ஆவி பக்கத்துளைகள் வழியாக வெளிப்பட்டுக் காற்றோடு கலந்து, சட்டியின் அடியைச் சுற்றி மலரின் இதழ்களைப் போல விரிந்து எரியும். தனியாக ஒரு தாங்கி வேண்டியதில்லை, அடுப்பே தாங்கி. சட்டி பெரியதாயிருந்து ஆட்டம் கண்டால் மட்டும், சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளை வளைத்து ஒரு முக்காலி செய்துகொள்வது நல்லது.

இத்தனை மெல்லிய அலுமினியம் ஏன் உருகிவிடவில்லை என்று கேட்கத் தோன்றும். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். சுடரின் உஷ்ணமோ அதைவிட மிகவும் அதிகம். டப்பாவைக் காப்பது அதனுள்ளிருக்கும் ஸ்பிரிட்தான். ஸ்பிரிட் 78 டிகிரியில் கொதிக்கும்; திரவம் எஞ்சியுள்ளவரை டப்பாவின் அடிப்பாகம் அந்த அளவைத் தாண்டி அதிகம் சூடேற முடியாது. ஒரு கிராம் ஸ்பிரிட்டைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 240 கலோரி போதும். அதே ஒரு கிராம் எரிகையில் 6,400 கலோரி வெளிப்படுகிறது. ஆகவே, சுடரின் உஷ்ணத்தில் இருபத்தேழில் ஒரு பங்கு டப்பாவின் சுவர் வழியாகக் கீழே இறங்கித் திரவத்தைச் சேர்ந்தால், அடுப்பு தன்னைத்தானே ஊட்டிக்கொண்டு எரியும். அந்தப் பங்கு குறைந்தால் சுடர் தளரும். மிகுந்தால் ஆவி பெருகி, சுடர் சட்டியின் பக்கங்களைத் தாண்டிக் கொழுந்துவிட்டெழுந்து எரிபொருளை விழுங்கிவிடும். ஈரமான கற்பாறைமேல் வைத்த அடுப்பு மந்தமாவதும், காற்றுத் தடுப்பை மிக நெருக்கி வைத்த அடுப்பு வெறிகொண்டு எரிவதும் இதனால்தான். அடியில் ஒரு சிறு துண்டுத் தகடோ உலர்ந்த பலகையோ இட்டால் முன்னது தீரும்.

ஸ்பிரிட்டின் சுடர் நீலமானது; அதில் கரித்துகள் அநேகமாக இல்லை. விறகுச் சுடரில் ஒளிர்ந்து பிரகாசிக்கும் கரித்துகள்கள் நாலாபுறமும் உஷ்ணத்தைக் கதிராக வீசுகின்றன. நீலச்சுடரோ தன் உஷ்ணம் பெரும்பாலானதையும் மேலெழும் அனல்வாயுவிலேயே ஏற்றி அனுப்புகிறது. அந்த வாயுவைக் காற்று ஒருபுறமாகத் தள்ளிவிட்டால் சட்டிக்கு ஒன்றும் கிட்டாது. வாய்க்கால் நெடுகக் கரை உடைந்த வயலில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமற் போவதைப் போல, தடுப்பில்லாத அடுப்பில் சட்டிக்கு உஷ்ணம் எட்டுவதில்லை. எனவே காற்றுத் தடுப்பு அடுப்புக்கு வெளியேயுள்ள ஓர் உபரிச் சாமானன்று. அடுப்பிலேயே பாதி அதுதான். கனமான அலுமினியத் தாளை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, ஓரங்களை உருட்டி, சட்டியைச் சுற்றி ஒரு விரற்கடைக்குக் குறைந்த வெளி விட்டு நிற்கும்படி வளைத்துக்கொள்ள வேண்டும். உயரம் சட்டியின் முக்கால் அளவுக்கு எட்டட்டும். அடிவிளிம்பில், காற்றுக்கு எதிர்ப்புறத்தில், துளைகள் இருக்கட்டும். இந்த வெளி அகன்றால் அனல்வாயு சட்டியைத் தொடாமலே நடுவழியில் ஏறிப் போய்விடும். குறுகினால் பிராணவாயு போதாமல் எரிதல் அரைகுறையாகி, கண்ணெரிச்சலான நெடியும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும் எழும். சட்டியின் பக்கச்சுவருக்கும் தகட்டுக்கும் இடையே நான்சென் விட்ட சந்து இங்கே நம் கையில் மீண்டும் உருவாகிறது.

சட்டிக்கு நம் ஊர் அலுமினியத் தூக்கைவிடச் சிறந்ததொன்றை நான் கண்டதில்லை. மூடி இறுகப் பொருந்துகிறது. தூக்க வளைகம்பி இருக்கிறது. அலுமினியம் துருப்பிடியா எஃகைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரைவாக உஷ்ணத்தைக் கடத்துவதால், ஓரிடத்தில் அடிப்பிடித்து மற்றோரிடத்தில் வேகாமற் கிடக்கும் தொல்லை குறைகிறது. உயரத்தைவிட அகலம் மிகுந்த தூக்கைத் தேர்ந்தெடுப்பது உசிதம். அனல் தாக்கும் அடிப்பரப்பு அப்போதுதான் பெரிதாகும். மூடியை அலட்சியம் செய்யக்கூடாது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போகும்போது 540 கலோரியை எடுத்துச் செல்கிறது. கொதிக்குமுன் பத்து கிராம் பறந்துபோனாலே ஒரு மில்லிக்கு மேற்பட்ட ஸ்பிரிட் நஷ்டம்.

இந்த அமைப்பைக் காட்டுக்குக் கொண்டுபோகுமுன், வீட்டுக் கொல்லையில் வைத்துப் பரிசோதிப்பதில் பெரும் பயனுண்டு. ஒரு வெப்பமானியும், ஊசி கழற்றிய மருந்துச் சிரிஞ்சும் இருந்தால் போதும். தண்ணீரை 500 மில்லி அளந்து, அதன் ஆரம்ப உஷ்ணத்தைக் குறித்துக்கொண்டு, 20 மில்லி ஸ்பிரிட்டைச் சிரிஞ்சால் அளந்து ஊற்றி, முழுவதும் எரியவிட்டு, தண்ணீர் அடைந்த உச்ச உஷ்ணத்தைப் பார்க்க வேண்டும். 25 டிகிரியிலிருந்த தண்ணீர் 85 டிகிரிக்கு வந்தால், 100 கிலோகலோரியில் 30 கிலோகலோரி சட்டியைச் சேர்ந்தது, நூற்றுக்கு முப்பது. பிறகு தடுப்பின் இடைவெளியை மட்டும் மாற்றி, அதற்கடுத்து அடுப்பின் துளைகளை மட்டும் மாற்றி, ஒரு சமயத்தில் ஒன்றே மாறும்படி பார்த்துக்கொண்டு மீண்டும் செய்தால், எந்த மாறுதல் என்ன பலன் தந்தது என்பது ஐயமறத் தெரியும். நன்றாக அமைந்த கருவியில் நூற்றுக்கு ஐம்பது வரை எட்டலாம். அதாவது அரை லிட்டர் தண்ணீர் 15 மில்லியில் கொதித்துவிடும். பள்ளி மாணவர்கள் இதைச் செய்வதானால் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தே ஆக வேண்டும்.

அதற்குக் காரணம் உண்டு. ஸ்பிரிட்டின் சுடர் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென்று எண்ணி, எரிந்துகொண்டிருக்கும் டப்பாவில் மேலும் ஊற்றுகிறவருடைய கையிலுள்ள குப்பிக்கே தீ தாவிவிடும். முற்றும் அணைந்து, டப்பா கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின்னரே மறுபடியும் ஊற்ற வேண்டும். நடுவே அணைக்க வேண்டுமானால் பெரிய டப்பா ஒன்றைக் கவிழ்த்து மூட வேண்டும். மூடிய கூடாரத்துக்குள் இதை ஒருபோதும் எரிக்கலாகாது. காப்புக் காடுகளில் நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். கோடையில் காய்ந்த புல்வெளியில் கவிழும் ஒரு கிண்ணம் ஸ்பிரிட் ஒரு மலைச்சரிவையே எரித்துவிடக்கூடும் என்பதை எண்ணினால், அச்சட்டம் எவ்வளவு நியாயமானதென்று விளங்கும். அனுமதிக்கப்பட்ட இடத்திலேயே, சுற்றிலும் சருகை அகற்றிய பின், அடுப்பை ஏற்ற வேண்டும்.

உயரம் கூடக்கூட மற்றொரு கஷ்டம் வந்து சேர்கிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 300 மீட்டர் உயர்வுக்கு ஒரு டிகிரி வீதம் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிக்கத் தொடங்குகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் அது 92, 93 டிகிரிதான். சார்லஸ் டார்வின் 1835 மார்ச்சில் ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடக்கையில், அவருடைய கூட்டத்தார் உருளைக்கிழங்கை இரவெல்லாம் அடுப்பில் வைத்தும், காலையில் மறுபடி கொதிக்க வைத்தும் அது வேகவில்லை. புதிதாக வாங்கிய பானைக்குத்தான் கிழங்கை வேகவைக்க மனமில்லை என்று துணைவர்கள் முடிவு செய்தார்களாம். பானை நிரபராதி. எரிபொருளைக் கூட்டுவதால் மட்டும் இந்தக் குறை தீராது. கொதிக்கிற தண்ணீரின்கீழ் எத்தனை தீயை மூட்டினாலும் அதன் உஷ்ணம் ஏறாது, ஆவியாகும் வேகமே ஏறும். ஆகையால் மலையில் துவரம்பருப்பை நாடாமல், அவல், ரவை, சேமியா, ஊறவைத்த அரிசி முதலியவற்றை நாட வேண்டும். அரிசியின் மாவுப்பொருள் நீரை ஏற்று இளகுவதற்கு 80 டிகிரிக்கு உட்பட்ட உஷ்ணமே போதுமாதலால், ஒரு கொதி வந்ததும் தூக்கை அடுப்பிலிருந்து இறக்கி, கம்பளித் துணியால் நாலைந்து சுற்றுச் சுற்றி அரைமணி வைத்திருந்தால், மேலும் ஒரு சொட்டு ஸ்பிரிட் செலவில்லாமல் அது தானே வெந்துவிடும். 1867-ல் பாரிஸில் நடந்த பொருட்காட்சியில் நார்வேக்காரர்கள் காட்டிய தானியங்கிச் சமையற்பெட்டி இதைத்தான் செய்தது: நன்கு பொதியப்பட்ட ஒரு பெட்டி, அதற்குள் ஒருமுறை கொதித்த சட்டி.

எல்லாவற்றையும் தூக்குக்குள் அடக்குவது எளிது. தகட்டுத் தடுப்பைச் சுருட்டித் தூக்கின் உட்சுவரை ஒட்டி விரியவிட்டு, நடுவில் அடுப்பு டப்பாவை வைத்து, அதனுள் தீப்பெட்டியை மெழுகுத்தாளில் சுற்றியிட்டு, எஞ்சிய இடத்தைக் கம்பளித் துணியால் நிரப்பினால் வழியெல்லாம் கலகலவென்ற ஓசையும் இராது. ஸ்பிரிட் குப்பியை மட்டும் தூக்குக்குள் வைக்கலாகாது. மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் கலந்திருக்கும் மெதனால் கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் வாங்கும். உணவு சமைக்கும் பாத்திரத்தில் அது கசிய இடங்கொடுக்கக் கூடாது. ஒருவர் இரண்டு நாள் போய்வர, ஒரு நாளைக்கு மூன்று முறை அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க வைப்பதாக வைத்துக்கொண்டால், கொதிக்கு 20 மில்லி வீதம் 120 மில்லியும், காற்றுக்கும் குளிருக்கும் ஈடாக அதில் நாலில் ஒரு பங்கும் சேர்த்து 150 மில்லி வேண்டும். தண்ணீர் பாட்டில் எதையும் ஒத்திராத வடிவமும் நிறமும் கொண்ட குப்பியொன்றில் அதை ஊற்றி, மேலே பெயரெழுதி ஒட்டி, திருகுமூடியை இறுக்கி, முதுகுப்பையின் வெளிப்புற உறையில் நிமிர்த்தி வைக்க வேண்டும்.